எஞ்சின் பிடிக்கும்வரை

அடுத்தவர் காரைத் தள்ளிவிடும் தொழிலில் ஒரே ஒரு சங்கடம்தான்: வேலை நன்றாக முடிந்தால், நன்றி சொல்ல வேண்டிய ஆள் அந்நேரம் வெகுதூரம் போயிருப்பார். பாட்டரி செத்த காருக்குத் தோள் கொடுத்து, அது உறுமிக்கொண்டு போனதும் புகைக்குள் தனியே நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் எப்போதாவது செய்ததை, எழுபதுகளில் சிட்னியில் நான் சனிக்கிழமை வேலையாகவே செய்தேன்.

விளக்கிவிடுகிறேன். நகரத்துக்கு மேற்கே, வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில், முட்டை வடிவில் ஒரு மண் ஓடுபாதை இருந்தது. பழைய பந்தயக் கார்களை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்குச் சில முறை அங்கே கூடி, அவற்றை மறுபடி ஓடவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கார்கள்கூட வரும். ஒற்றை இருக்கை, கூரை கிடையாது; குளியல் தொட்டிக்கு நாலு சக்கரம் பூட்டியது போல இருக்கும். பாரம் கூடிவிடும் என்று அவற்றுக்கு ஸ்டார்ட்டரே வைக்கவில்லை. ஓட்டுபவர் கியரைப் போட்டு வைத்திருக்க, பின்னால் ஒரு வாகனம் முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும். எஞ்சின் பிடித்ததும் ஓட்டுபவர் ஒரு கையை உயர்த்துவார். தள்ளுகிறவன் உடனே பின்தங்கி விலகிவிட வேண்டும். அந்தத் தள்ளுகிறவன் நான். என் வாகனம் ஒரு யூட். பின்புறம் திறந்த சின்ன லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் பம்பரில் பழைய டயர் ஒன்றைக் கட்டியிருந்தோம்.

ஆள் எடுத்த விதம்

எனக்கு வேலை செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில். எங்கள் ஃபோர்மன் ரெஜ்தான் இந்தக் கார்க் கூட்டத்தையும் நடத்துபவர். ஒரு மாலை நல்ல மழை. அவரை என் காரில் ஏற்றி வீட்டில் விடப் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹார்ன் அடித்து எங்களை முந்திப் போனார்கள். ஒரு டிராக்டரும் முந்தியது. இறங்கும்போது ரெஜ், சனிக்கிழமை ஓடுபாதைக்கு வா என்றார். எனக்குப் பந்தயம் பற்றி ஒன்றுமே தெரியாதே என்றேன்.

எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் சிக்கல். ஒவ்வொருவரும் மனதுக்குள் பந்தய வீரர். கடைசியாக இருந்தவர் தள்ளப் போன காரையே முந்திப் போய், கூட்டத்துக்குக் கையும் காட்டினாராம். ரெஜ் கதவைச் சாத்துமுன் குனிந்து சொன்னார்: "இந்த நாட்டில் உன்னைவிட மெதுவாக ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை, சிவா. நீ எனக்கு வேண்டும்."

முழங்கால் பக்கத்துத் திருகு

இரண்டு சுற்றுக்கு மேல் எந்தக் காரையும் தள்ளக் கூடாது என்பது ரெஜ் போட்ட சட்டம். அதற்குள் எஞ்சின் பிடிக்காவிட்டால், நடுவில் உள்ள புல்தரைக்குக் காரை ஒதுக்கிவிட வேண்டும். அப்படி ஒதுங்கிய கார்களில் பாதிக்கு எந்த நோயும் கிடையாது. ஓட்டுபவரின் இடது முழங்கால் பக்கத்தில் எரிபொருளை அடைக்கும் சின்னப் பித்தளைத் திருகு ஒன்று உண்டு. காரை நிறுத்தினால் மூட வேண்டும். ஓடுமுன் திறக்க வேண்டும். ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, கூட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பலருக்கு அது மறந்துபோகும். காஸைத் திறக்காமல் தீக்குச்சி மேல் தீக்குச்சியாக உரசுவோமே, அதே கதை.

ஒருமுறை ஒரு வங்கி மேலாளரின் கார். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. இரண்டு சுற்றும் தள்ளி, புல்தரையில் விட்டேன். நாலு பேர் ஓடி வந்து எஞ்சின் மூடியைத் திறந்து, நாலு காரணம் சொன்னார்கள். மேலாளர் ஐந்தாவதாக ஒன்று சொன்னார்: நான் தள்ளிய முறை சரியில்லையாம். ரெஜ் 'மீட் பை' என்று அவர்கள் சொல்லும் இறைச்சிப் பணியாரம் ஒன்றைத் தின்றபடி நடந்து வந்தார். பணியாரத்தைக் கீழே வைக்காமலே குனிந்து, இரண்டு விரலால் திருகைத் திறந்தார். பிறகு பணியாரத்தை ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி காட்டாத குதிரைக்குப் பின்னால் நின்று என்ன திட்டினாலும் ஓடாது, மேட்."

தேர் பார்க்க வந்தவர்கள்

என் தொழிலைப் பார்க்க ஒருநாள் கிரவீன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மனைவி ராணியும், ஹோம்புஷ் ஃபிளாட்டிலிருந்து நண்பர் நடராஜனும் வந்தார்கள். நடராஜன் கோயம்புத்தூர்க்காரர். வேலியோரம் அருமையான இடம் காலியாக இருக்கிறது என்று இருவரும் போய் நின்றுகொண்டார்கள். அது ஏன் காலியாக இருந்தது என்பது முதல் கார் வளைவில் திரும்பியபோது தெரிந்தது. பின்சக்கரம் வாரி வீசிய ஈரமண்ணில் ஒரு பங்கு ராணி திறந்து வைத்திருந்த புட்டுப் பெட்டிக்குள் விழுந்தது.

"புட்டுக்கு மண் சுமந்த கதை கேட்டிருக்கேனுங்க. இங்க மண்ணே புட்டைத் தேடிட்டு வருதே!" என்றார் நடராஜன்.

நான் இடைவேளையில் போனபோது ராணி சேலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "என்னப்பா, இவையள் எங்க போகினம்?"

"ஓரிடமும் போகேல்லை. சுத்தித்தான் வருவினம்."

"சுத்திப் போட்டு?"

"தொடங்கின இடத்தில வந்து நிப்பினம்."

"நம்மூர்த் தேரும் அப்படித்தானுங்களே," என்று நடராஜன் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "நாலு வீதி சுத்திட்டு நிலைக்கு வந்துரும். யாராச்சும் எங்கே போச்சுன்னு கேக்கறாங்களா?"

ராணி யோசித்தாள். "ஓம், சரிதான் அண்ணை. ஆனா தேர் இழுத்தவைக்கு மோராவது குடுப்பினம். இவருக்கு இஞ்ச என்ன குடுக்கினம் எண்டு கேளுங்கோ."

பாதுகாப்புப் பெட்டகம்

ஓட்டுபவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். மண்பாதையில் குலுங்கும்போது பல் செட்டை விழுங்கிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கழற்றிவிடுவார்கள். மனைவிமார் தூரத்துப் படிக்கட்டுகளில் இருப்பார்கள்; பக்கத்தில் இருப்பவன் நான். ஆகவே, கைக்குட்டையில் பொதிந்த பற்கள் என் யூட்டின் கண்ணாடி ஓரமாக என்னோடு பயணம் செய்தன.

ஒருநாள் ஒரு பள்ளத்தில் யூட் ஏறி இறங்க, இரண்டு பொதிகள் கீழே விழுந்து அவிழ்ந்துவிட்டன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் வந்தவரிடம் உண்மையைச் சொல்லி இரண்டையும் காட்டினேன். அவர் ஒன்றைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாயை இப்படியும் அப்படியும் அசைத்து, பக்கக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்: "இது என்னுடையது இல்லை. ஆனால் என்னுடையதைவிட நன்றாகப் பொருந்துகிறது. அவனிடம் சொல்லாதே."

உட்காருவதற்குத் தடையில்லை

ஆர்தர் என்று ஒருவர் வருவார். சிவப்பு நிறத்தில் சின்னஞ்சிறு கார். இளவயதில் அதே ஓடுபாதையில் அவர் ஓட்டிய காரேதான். எப்போதோ விற்றுவிட்டவர், பிறகு ஒரு பண்ணையில் கோழிகள் முட்டையிடும் பெட்டியாக அது கிடப்பதைக் கண்டு, திரும்ப வாங்கி, வருடக்கணக்காகத் திருத்தினார். திருத்தி முடித்த நேரத்தில் நெஞ்சு வலி வந்துவிட்டது. அவர் மனைவி டோரிஸ், பந்தயம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றுவிட்டார்.

ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆர்தர் காரைக் கொண்டுவந்து இறக்குவார். ஹெல்மெட்டைப் போடுவார். ஏறி உட்காருவார். மாலைவரை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நாடாவோடு வந்து என் பம்பரின் உயரத்தை அளந்துகொண்டு போனார். அடுத்த முறை பார்த்தால், அவர் காரின் பின்தகடு என் டயரோடு கச்சிதமாகப் பொருந்தும்படி உயர்ந்திருந்தது.

டோரிஸ் பக்கத்திலேயே ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவார். ஆர்தர் ஓட்டிய காலத்தில் கார்கள் ஆயத்தமாகும் இடத்துக்குள் பெண்களை விடமாட்டார்களாம். அத்தனை வருடமும் வேலிக்கு அப்பால் நின்று, எந்தச் சுற்றில் அவர் வராமல் போகிறாரோ என்று எண்ணிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். "ஒரே ஒரு சுற்று போகவிட்டால் என்ன?" என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: "உட்காரட்டுமே. உட்காருவதற்கு நான் ஒரு நாளும் தடை சொன்னதில்லை."

நாலு சுற்று

அந்த இடத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. கடைசிக் கூட்டத்தன்று ஆர்தர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார். கையுறையை மட்டும் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். பிற்பகலில் டோரிஸ் பின்னலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு ரெஜ்ஜிடம் போனார். ஆர்தர் தனியாக, பந்தயம் இல்லாமல், நாலு சுற்று வரலாம் என்றார். ஒரு நிபந்தனை: தள்ளுகிற யூட்டில் டோரிஸும் இருப்பார். குனிந்து கணவரின் ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, என் பக்கத்தில் ஏறிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

டயர் தகட்டில் பொருந்தியது. தள்ளினேன். எஞ்சின் பிடிக்கவில்லை. முதல் வளைவில் ஆர்தர் ஒருமுறை கீழே குனிந்தார். அதன் பிறகு கார் சட்டென்று இலேசானது. கியரை எடுத்துவிட்டார் என்று புரிந்தது. ஏன் எடுத்தார் என்று புரியவில்லை. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. ரெஜ் கொடியைக் காட்டி, புல்தரைக்கு ஒதுக்கு என்றார். இத்தனை வருடம் காத்திருந்தவரை எப்படி ஒதுக்குவது? டோரிஸைப் பார்த்தேன். "நாலு என்றுதானே பேச்சு?" என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஃபோர்மனின் கொடியைப் பார்க்காதது போல் போனேன்.

மூன்றாவது சுற்றில் ஒலிபெருக்கிக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முதலிடத்தில் ஆர்தர்! இரண்டாமிடத்தில் ஒரு யூட், மிக மிக நெருக்கமாக!" என்றார். படிக்கட்டுகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரெஜ் கொடியைக் கக்கத்தில் வைத்துவிட்டு அவரும் தட்டினார். எல்லாரும் கையசைத்தார்கள். ஆர்தர் மட்டும் பதிலுக்குக் கையை உயர்த்தவே இல்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார். எஞ்சின் பிடிக்காத வருத்தம் என்று நினைத்தேன். டோரிஸ் இரண்டு பக்கமும் கையசைத்தார், இருவருக்கும் சேர்த்து.

கார் நின்றதும் பழக்கத்தில் குனிந்து பார்த்தேன். திருகு மூடியிருந்தது. காலையில் ஆர்தர் அதைத் திறந்து வைத்ததை நானே பார்த்திருந்தேன். டோரிஸ் குனிந்து ஹெல்மெட் வார் கட்டிய நேரம் நினைவுக்கு வந்தது. டோரிஸ் என் பார்வையைப் பிடித்துவிட்டார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே மெல்லச் சொன்னார்: "சுற்றி வரட்டும் என்றேன். வேகமாகப் போகட்டும் என்று சொன்னேனா?"

அவர் தேநீர் வாங்கப் போனதும், நானும் ஆர்தருமாகக் காரை டிரெய்லரில் ஏற்றினோம். சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். கடைசியில், "திருகு..." என்று தொடங்கினேன். ஆர்தர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "முதல் வளைவிலேயே பார்த்துவிட்டேன். கை எட்டுகிற தூரம்தானே. திறந்திருந்தால் எஞ்சின் பிடித்திருக்கும், நீ பின்தங்கியிருப்பாய், அவள் மறுபடியும் தூரத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் கியரையும் எடுத்துவிட்டேன். கையைக்கூட உயர்த்தவில்லை, நீ விலகிவிடுவாயே. தள்ளினதற்கு நன்றி, சிவா."

அன்றிலிருந்து தெருவில் யாருடைய காரைத் தள்ளினாலும், அது கிளம்பிவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.