படத்துக்குக் கீழே ஆறு வரி

மாதா கோயிலில் குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தால் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

துரைமார் கப்பலேறிப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பங்களாவில் பட்லராக இருந்த அப்பா, ஓர் ஓட்டலில் அடுப்படி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜீவனஹள்ளியில் ஓட்டு வீடு. அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். அக்கா அதற்கு முந்தின வருஷம், பஞ்சாலையில் கூட வேலை செய்த கன்னடக்காரர் ஒருவரோடு போய்விட்டாள். அவர் நம் வேதம் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். “எனக்குப் பெரிய பொண்ணு செத்துட்டா” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே. அதற்கப்புறம் வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது.

அவள் போனதற்குத் தண்டனை எனக்கு. வெளியே விட்டதால்தான் பெரியவள் கெட்டாள் என்று சொல்லி, எட்டாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். வகுப்பிலேயே என் கையெழுத்துதான் முதல். கரும்பலகையில் எழுத சிஸ்டரம்மா என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை இப்போது அக்கா தேய்த்த பாத்திரத்தைத் தேய்த்தது. பாவி, போனவள் என் படிப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டாளே என்று தினம் வயிறெரிந்தேன்.

அந்த வருஷம் பங்குச் சாமியார் வீடு வீடாகப் போய்த் திருஇருதய ஆண்டவர் படத்தை மந்திரித்து வைத்தார். படத்துக்குக் கீழே ஓர் அட்டை இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் பேரையெல்லாம் அதில் எழுத வேண்டும். அந்தக் குடும்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் அட்டையில் ஆறு கோடு போட்டிருந்தது.

“அஞ்சு பேரு. பாத்து எழுது” என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

“அக்கா பேரையும் எழுதிடு கண்ணு. உங்கப்பா கலாட்டா பண்ணா நான் பாத்துக்கறேன். மனுசங்க தள்ளி வெக்கலாம். ஆண்டவர் முன்னாடி என் புள்ள இல்லாம போயிடக் கூடாது.”

“சரிம்மா” என்றேன்.

முதல் வரியில் அப்பா. இரண்டாவதில் அம்மா. மூன்றாவது வரி மூத்தவளுக்கு உரியது. அங்கே வந்ததும் பேனா நின்றது. பிறகு என் ஞானஸ்நானப் பேரை எழுதினேன். நான்காவது வரியில், போன வருஷம் உறுதிபூசுதலில் எனக்கு வைத்த இரண்டாவது பேரை எழுதினேன். ஐந்தும் ஆறும் தம்பிகளுக்கு. எனக்கு இரண்டு வரி, அவளுக்கு ஒன்றும் இல்லை. எழுதி முடித்தபோது எனக்கு என்ன திருப்தி! அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மா விரல் வைத்து எண்ணினாள். “ஆறு” என்றாள். “இதுல எதுடி அக்கா பேரு?”

மூன்றாவது வரியைக் காட்டினேன்.

சாயங்காலம் சாமியார் வருவதற்கு முன்னால் அப்பா அட்டையை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதும் நான்காவதும் என் பேர்கள்தான் என்று அவருக்குத் தெரியும். “சரி” என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். “பாத்தியா, படிச்சும் ஒண்ணும் சொல்லல. மனசு எளகிட்டாருடி. வெளிய காட்டிக்கல.” அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை.

“வீட்ல எத்தனை பேருப்பா?” என்று கேட்டார் சாமியார்.

“அஞ்சு பேரு சாமி.”

வாய்தானே சொல்கிறது என்பதுபோல அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். இன்றிலிருந்து இந்த வீட்டுக்கு ஆண்டவர்தான் தலைவர், இங்கே உள்ள ஒருவரையும் அவர் கைவிட மாட்டார் என்றார்.

தினமும் ஜெபமாலை முடிந்ததும் வரிசையாகப் படத்தில் உதடு வைத்து முத்தி செய்வோம். அம்மா மட்டும் மூன்றாவது வரியில் விரலை வைத்து, அந்த விரலை முத்தி செய்வாள். அது எனக்காக என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னேன். உன் தாயாரிடம் உண்மையைச் சொல் என்றார் சாமியார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அந்த விரலைத் தினம் பார்த்தவள் நான். சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அப்பா இல்லாத ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். நெஞ்சு நோய். ஆஸ்பத்திரியில் சேரப் போகிற வழியில் வந்திருந்தாள். கன்னம் ஒட்டி, ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது. வாசலிலேயே நின்று, “உள்ள வரலாமாம்மா?” என்றாள். சொந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து நேரே படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பாருடி. உன்னை நான் விட்டுடல. உங்கப்பாவும் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல. மூணாவது வரி பாரு, உன் பேருதான். பாப்பாதான் எழுதினா.”

அக்கா நாலாவது வரை படித்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்துத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன்.

“ஆமாம்மா, இருக்கு” என்றாள். “பாப்பா கையெழுத்து முத்து முத்தா இருக்கு.”

தண்ணீர் குடித்துவிட்டு, அந்தத் தம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னாள். கிளம்பும்போது என் காதருகே வந்து, “அம்மாகிட்ட சொல்லிடாதடி. பாவம், நம்பிக்கிட்டு இருக்கட்டும்” என்றாள். என் தலையைத் தொட வந்த கையை நோய்க்குப் பயந்து இழுத்துக்கொண்டாள்.

நாலு மாதத்தில் போய்விட்டாள். அவள் புருஷன் தெருவில் நின்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அழுதார். அப்பா கதவைச் சாத்தினார். அவளுக்கென்று ஒரு பூசை கிடையாது, கல்லறையும் கிடையாது. அம்மா அடுப்படியில் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, செத்தவங்க பேருகிட்ட சின்னதா குருசு போடுவாங்கல்ல? அக்கா பேருகிட்ட ஒண்ணு போடு. ஆண்டவர் தேடும்போது தெரியணும்.”

வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். பேனாவை மையில் தொட்டு, மூன்றாவது வரியில் என் பேருக்குப் பக்கத்தில் குருசு போட்டேன்.

“நல்லா போட்டியாடி?”

“போட்டுட்டேம்மா.”

அவள் அதன்மேல் விரலை வைத்து முத்தி செய்தாள். மை இன்னும் காயவில்லை. உதட்டில் ஒட்டிக்கொண்டது.