இந்தப் பைன் கொஞ்சம் வளரட்டும்

யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை ஒருவர் "பாப்பம்" என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று பொருள். "ஓம், பாப்பம்" என்றால் நிச்சயமாக நடக்காது. என் மனுசனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திய எனக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு புது வசனத்தைக் கண்டுபிடித்தார். "இதுகள் கொஞ்சம் வளரட்டும், பிறகு போவம்." அதில்தான் நான் ஏமாந்தேன்.

போவது என்றால் சிட்னிக்கு. நாங்கள் அப்போது நியூசிலாந்தில். அந்தக் காலத்தில் ஆக்லாந்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருந்தது. வந்து இறங்குவது, கிடைத்த வேலையைச் செய்வது, குடியுரிமை கைக்கு வந்ததும் அவுஸ்திரேலியாவுக்குப் பெட்டி கட்டுவது. சம்பளமும் அங்கேதான், பெரிய கோயிலும் அங்கேதான், நல்ல மீனும் அங்கேதான் என்று சொல்லிக்கொள்வோம். என் ஒரே அக்கா அங்கே வீடு வாங்கியிருந்தார். எங்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, திரைச்சீலைகூடத் தைத்துப் போட்டுவிட்டார். ஊரில் சண்டை தொடங்கிய பிறகு நானும் அவரும் ஒரே ஊரில் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் கார்ட் வாங்கி அவரோடு கதைப்பேன். மற்றவர்கள் ஹலோ சொல்லுகிற இடத்தில் அக்கா "எப்ப வாறியள்?" என்பார்.

விட்டுவிட்டுப் போகப்போகிற ஊரில் மேசை எதற்கு என்று சாண்ட்ரிங்கம் வாடகை வீட்டில் நான் சாப்பாட்டு மேசையே வாங்கவில்லை. டிவி வந்த பெட்டியைக் கவிழ்த்து, மேலே ஒரு துணி விரித்துச் சாப்பிட்டோம். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எப்ப சிட்னிக்கு?" என்று கேட்பார்கள். அவ்வளவு தெளிவாகச் சொல்லியது அந்தப் பெட்டி.

மனுசன் ஊரில் நில அளவையாளர். இங்கே ஹென்டர்சன் பக்கம் ஒரு செடிக்கடையில் பூச்சாடி தூக்கினார். ஒரு நாள் மாலை அங்கிருந்து ஒரு விதைப் பைக்கற்றோடு வந்தார். பைக்கற்றில் பனி மூடிய மலையும் அதன் அடியில் உருண்டையாக ஒரு சின்ன மரமும் இருந்தன. நாங்கள் இரண்டு பேருமே பனி விழுந்து பார்த்ததில்லை.

"இது மலைப் பைன். குட்டையா, அடக்கமா வளரும்," என்றார்.

"நாங்கள் போகப்போறம், உங்களுக்கு மரமோ? விசரே?"

"இதுகள் கொஞ்சம் வளரட்டும். ஆரிட்டையும் குடுத்திட்டுப் போவம்."

எவ்வளவு நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

அந்த விதை முளைக்க முதலில் ஒரு குளிர்காலம் வேண்டுமாம். ஆக்லாந்துக் குளிர் மழையைத் தரும், இருமலைத் தரும், சுவரில் பூஞ்சணம் தரும். உறைய வைக்க மட்டும் அதற்குத் தெரியாது. எனவே அவர் விதைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிதந்த சொத்தைகளை எறிந்துவிட்டு, தாழ்ந்தவற்றை ஈர மணலில் கலந்து, என்னுடைய ஜாம் போத்தலில் அடைத்து, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். வீட்டுக்கு வந்த மாமி ஒருவர் பால் எடுக்கப் போய் அந்தப் போத்தலைக் கண்டு கண் கலங்கிவிட்டார்.

"ஊர் மண்ணோ பிள்ளை?"

"இல்லை மாமி, ஹார்ட்வெயர் கடை மண்."

அன்றிலிருந்து மாமிக்கு என்மேல் இருந்த மரியாதை குறைந்தது.

வெயில் வரத் தொடங்கியதும் விதைகளைத் தட்டில் போட்டார். முளைத்தன. ஒவ்வொன்றும் விதைக் கோதைத் தொப்பிபோலத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு என் கணக்கு. இதுகள் வளர்ந்தால்தானே போகலாம்? அப்படியானால் வளர்த்து முடிப்போம் என்று முடிவெடுத்தேன்.

காலையில் எல்லர்ஸ்லியில் இருந்த என் வேலைக் கந்தோருக்குக் கிளம்புமுன் தட்டை வெயில் பக்கம் திருப்பி வைப்பேன். மாலையில் வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே நத்தை பொறுக்குவேன். சில கன்றுகள் அடித்தண்டு மெலிந்து சாய்ந்து செத்துப்போயின. எல்லாம் செத்தால் மறுபடி விதை, மறுபடி ஃபிரிட்ஜ், மறுபடி முதலிலிருந்து அல்லவா? ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். அடுத்த வளவுப் பூனைதான் முதலில் கண்டுபிடித்தது.

"இதுக்கு அளவுக்கு மிஞ்சிச் சாப்பாடு குடுக்கக் கூடாதப்பா," என்றார் மனுசன். "தண்ணியும் தேங்கக் கூடாது. மெல்லமாத்தான் வரும்."

"எவ்வளவு மெல்லமா?"

"பாப்பம்."

மறுவருடமும் வந்து போனது. தட்டிலிருந்து சாடிகளுக்கு மாறிப் பின்பக்கப் படிக்கட்டில் நின்ற கன்றுகள் என் பெருவிரல் உயரத்தைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகள் அவற்றைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, ஆர் தே ப்ளாஸ்டிக்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவருடைய கடைக்குப் போனேன். பெருமையோடு என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு சாடியைக் காட்டினார். அதே பைன். என் முழங்கால் உயரம், சுருண்டு படுத்த நாய்க்குட்டி மாதிரி.

"இது எங்கடை மாதிரித்தான். இதுக்குப் பத்து வயசு."

"பத்து வயசோ? இதுக்கோ?"

அவர் சாடியை மூலைக்குள் தள்ளி வைத்தார். சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது.

காரில் ஏறியதும் தொடங்கினேன். "என்ன, காதிலை பூச் சுத்துறியளோ? பத்து வருசத்துக்கு முழங்கால் உயரம் வாற மரத்தைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்து, வளரட்டும் வளரட்டும் எண்டு என்னை மடைச்சியாக்கினியளோ?" அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வந்ததும் மிச்சத்தையும் சொன்னேன். "குடியுரிமை வந்து எவ்வளவு காலம்! நீங்கள் உங்கடை பைனோடையே இருங்கோ. நான் பிள்ளையைக் கொண்டு அக்காவிட்டைப் போறன்." சொல்லிவிட்டு அழுதேன். எனக்கு அக்கா வேண்டியிருந்தார். அதில் பொய்யில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, பழக்கத்தில் நத்தை பொறுக்கப் பின்பக்கம் போனேன். படிக்கட்டு வெறுமையாகக் கிடந்தது. ஒரு சாடிகூட இல்லை.

"எங்கை எல்லாம்?"

"கோயிலுக்கு வந்த ஆக்களிட்டைக் குடுத்திட்டன். அவுஸ்திரேலியாவுக்குள்ளை செடி கொண்டுபோக விடமாட்டாங்கள்." அவர் குசினியில் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். "டிக்கெட் பாரும். யாழ்ப்பாணத்திலை பெட்டி கட்டினன், வவுனியாவிலை கட்டினன், கொழும்பிலை கட்டினன். இன்னொருக்காப் பெட்டி கட்ட மாட்டனே?"

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. போக விருப்பமில்லை என்று இந்த மனுசன் ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்து வென்றிருப்பேன். கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"என்ன?"

"நத்தை பொறுக்கினது ஆர்? வெயிலிலை திருப்பித் திருப்பி வைச்சது ஆர்? காரை எடுங்கோ!"

வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டில் கன்றைச் சாமி அறையில் வைத்து, பொட்டும் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதற்குள் மூன்று தரம் தண்ணீர் வார்த்துச் சாடிக்குள் குளமே இருந்தது. கடைசியாகப் போனது அந்த ஃபிரிட்ஜ் மாமி வீட்டுக்கு. கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ பிள்ளை? நல்ல பழக்கம்!"

"ஓம் மாமி, அப்பிடித்தான்," என்று சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மனுசன் காருக்குள்ளேயே இருந்தார். வெட்கமாம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படிக்கட்டில் அடுக்கினோம். டிக்கெட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எப்ப வாறியள்?"

மனுசன் பின்பக்கத்தில் குந்தியிருந்து, குளமாகிப்போன சாடியின் மண்ணை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அவருடையதுதான்.

"இந்தப் பைன் மரங்கள் கொஞ்சம் வளரட்டும் அக்கா."

"எவ்வளவு வளந்திட்டுது?"

"பெருவிரல் அளவு."

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவரும் யாழ்ப்பாணத்து ஆளைத்தான் கட்டியிருந்தார். இப்படியான பேச்சு அவருக்குப் புதிதில்லை. ஃபோன் கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது.

"அப்ப, அந்த அறையை வாடகைக்கு விடட்டோ?" என்று கேட்டார்.

டிவிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டேன். அது ஒரு பக்கம் அமுங்கியது.

"விடுங்கோ அக்கா," என்றேன்.