மலர் தட்டினாள்

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். மற்றவர்கள் எழுதிய வசனங்களைக் கொப்பியில் அழகாகப் பிரதி எடுப்பேன். சொந்தமாக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தும் பழக்கமில்லை. ஆனாலும் இனிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலர் தட்டினாள். எனக்குக் கேட்டது. கேட்காதவள்போல் இருந்தேன். பிறகு, அவள் தட்டவே இல்லை என்று பொய் சொன்னேன்.

இதுதான் என் குற்றம். ஆறு வருடங்களாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். மாங்குளத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருக்கிறது. வயல் செய்யும் கமக்காரர்களும் கடைக்காரர்களும்தான் அதிகம். நாடகத்தை நெறிப்படுத்துபவர் ஓர் ஆசிரியர். அவரைச் சேர் என்போம். நான் பக்கத்திரைக்குப் பின்னால் கொப்பியோடு குந்தியிருப்பவள். வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை.

மறந்தவர் என் பக்கம் திரும்பக் கூடாது. வலது கால் பெருவிரலால் மேடைப் பலகையில் இரண்டு தரம் தட்டவேண்டும். எங்கள் குழுவின் வழக்கம் அது. சபைக்கு அந்தச் சத்தம் போகாது. எனக்கு மட்டுமே கேட்கும்.

எனக்கு மட்டும்! அதுதான் என்னைக் கெடுத்தது…

இடம்பெயர்ந்து திரும்பி வந்த அக்காவும் தங்கையும் காணி எல்லைக்காகச் சண்டை பிடிக்கும் நாடகம் ‘எல்லைக் கல்’. அதற்கு ஆறு பிரதிகள் எழுதினேன். எழுத எழுத அந்த அக்காவின் வசனங்கள் எனக்குள் இறங்கிவிட்டன. சோறு வடிக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அந்த வேடம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதையும் இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

“அக்கா வேஷம் ஆர் செய்யிறீங்கள்?” என்று சேர் கேட்டார். என் கை மடியிலேயே கிடந்தது. மலர் கையை உயர்த்தினாள்.

அப்போது அவள் குழுவுக்கு வந்து இரண்டு மாதந்தான். என்னிலும் பன்னிரண்டு வயது இளையவள். போரின் கடைசி நாட்களில் வெடித்த செல் குண்டின் ஒரு துண்டு அவள் தலைக்குள் போய்விட்டது. எடுப்பதிலும் விடுவதே நல்லது என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்களாம். “என்ர தலைக்குள்ள இரும்புக் கடை இருக்கு. மழைக்கு நனைஞ்சா கறள் பிடிச்சிடும்!” என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

நெடுங்கேணியில் ஒரு மண்டபம். பின்னேரம் நாலு மணி. மூன்றாம் காட்சியில் மலர் மண்வெட்டியோடு வந்து நின்றாள். வாய் திறந்தாள். வசனம் வரவில்லை.

டொக், டொக்.

என் விரல் சரியாக அந்த வரியில்தான் இருந்தது. “இந்தக் கல்லை நட்டது ஐயா. பிடுங்கிறது ஆரெண்டு பாப்பம்.” அது என் நாக்கு நுனியில் நின்றது. நான் சொல்லவில்லை.

ஏன்? நானும் என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஒரேயொரு தரம் அவள் தடுமாறட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்! அடுத்த தட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்…

அவள் மறுபடி தட்டினாள். பிறகு இன்னும் பலமாக. நான் குந்தியிருந்த பலகை அதிர்ந்தது. என் உதடுகள் பிரியவில்லை. சபையில் யாரோ விசிலடித்தார்கள். மலர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

“புஸ்பமக்கா, நான் தட்டினனானெல்லோ?”

எல்லோரும் சுற்றி நின்றார்கள். சேர் என் முகத்தைப் பார்த்தார். நான் கொப்பியை மூடினேன்.

“இல்லைப் பிள்ளை. நீ தட்டேல்லை.”

அவள் கை மெல்லத் தலைக்குப் போனது.

“தட்டினதெண்டுதானே நினைச்சன்… அப்ப அந்தத் துண்டு அசைஞ்சிட்டுதுபோல.”

அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை!

வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையைப் படம் எடுத்தாள். பஸ்ஸில் அவளுக்குத் துணையாகப் போனவள் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: “அவருக்குப் படம்தானே தெரியும் அக்கா. என்ர கால் தட்டேல்லையே.”

அதற்குப் பிறகு அவள் சைக்கிள் ஓடவில்லை. தனியே கிணற்றடிக்குப் போவதில்லை. தங்கையின் குழந்தையை ஆசையாகப் பார்ப்பாள், தூக்கமாட்டாள். கை தூக்குகிறதா, விட்டுவிட்டதா என்று தனக்கே தெரியாமல் போனால்? அதுதான் அவளுடைய பயம். அவள் தலைக்குள் அந்தப் பயத்தை வைத்தது நான்… என் ஒரு சொல்!

போன ஞாயிற்றுக்கிழமை சேர் எல்லோரையும் கூப்பிட்டு, வரப்போகும் மூன்று மாதங்களுக்கான நாடகங்களின் பட்டியலை வாசித்தார். மாங்குளம், நெடுங்கேணி, ஓமந்தை என்று மூன்று ஊர்களில் நாலு நாடகங்கள்.

“சேர், எனக்கு இந்த முறையும் பிணமோ?” என்றார் உழவு இயந்திரம் ஓட்டும் ராசன்.

“போன முறை பிணமாக் கிடந்து இருமினனீர். இந்த முறை மரம்.”

“மரமெண்டா காத்துக்கு ஆடலாம்தானே, சேர்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சேர் முதலாவது நாடகத்தின் பெயரைச் சொன்னார். ‘எல்லைக் கல்’. முதல் மேடை நெடுங்கேணி. அதே மண்டபம்.

அக்கா வேடத்துக்கு யார் என்று அவர் கேட்பதற்குள், ஆறு வருடங்களாகப் பின்வரிசைக் கதிரையில் பார்வையாளராக மட்டும் இருந்த மலர் எழுந்தாள்.

“நான் செய்யிறன், சேர். ஆனா புஸ்பமக்கா கொப்பியோட இருக்கவேணும்.”

பிறகு என்னிடம் வந்து குனிந்து, மெல்லச் சொன்னாள்: “நான் தட்டாட்டியும் சொல்லித் தாங்கோ, அக்கா. என்ர காலை நம்பேலாது.”

நாளைக்கு முதல் ஒத்திகை. நீங்கள் என்றால் நாளைக்கே சொல்லிவிடுவீர்கள், இல்லையா? சொல்லத்தான் வேண்டும். ஒரு வசனம் போதும்: நீ தட்டினனீ, பிள்ளை. அதைச் சொன்னால் அவள் சைக்கிள் ஓடுவாள். குழந்தையைத் தூக்குவாள். ஆனால் அந்த ஆறு வருடங்களை என்னிடம் கேட்பாளே! நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?

குழு என்னைத் துரத்திவிடும் என்ற பயம் இருக்கிறது. ஊர் கதைக்கும் என்ற பயமும் இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய பயம் ஒன்று. நெடுங்கேணியில் அவள் மறுபடி மண்வெட்டியோடு வந்து நிற்பாள். பலகையில் சத்தம் கேட்கும். என் விரல் அந்த வரியில் இருக்கும்… அப்போது என் வாய் திறக்குமா? எனக்குத் தெரியாது. அவள் தன் காலை நம்பவில்லை. என் வாயை நம்புகிறாள்.

இவ்வளவையும் எழுதிவைத்த மறுநாள் ஒத்திகை நடந்தது. மலர் மூன்று தரம் மறந்தாள். மூன்று தரமும் தட்டினாள். மூன்று தரமும் எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும், “இண்டைக்குத் தட்டினனான் என்ன, அக்கா?” என்று கேட்டாள். “ஓம்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.