பசை பிடிக்காத இடம்

ஐதராபாத் சைனிக்புரியிலிருந்து வசந்தாக்காவின் மகன் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அம்மா மார்னிங் போயிட்டாங்க. தூக்கத்துலயே." தமிழ் அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அதை மட்டும் திருத்தமாகச் சொன்னான்.

அங்கே காஞ்சன்பாக்கில் உலோகத் தகடுகளைப் பசையால் ஒட்டிச் சோதிக்கும் பிரிவில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. யார் புதிதாகச் சேர்ந்தாலும் அக்கா பலகையில் ஒரு ஏணி வரைவார். மேல்படியில் வேதிப் பிணைப்பு, மோலுக்குச் சில நூறு கிலோஜூல். நடுப்படியில் ஹைட்ரஜன் பிணைப்பு, இருபது சொச்சம். அடிப்படியில் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள சாதாரண இழுப்பு, ஒன்றோ இரண்டோ. அதற்குச் சற்று மேலே ஒரு சிவப்புக் கோடு: அறையின் சூடு, இரண்டரை.

"கோட்டுக்குக் கீழ இருக்கவன நம்பாதீய. ரூம் சூடே அவன உலுக்கிரும்," என்பார், திருநெல்வேலியும் ஐதராபாத்தும் கலந்த பேச்சில். "கைப்பிசுக்கு அடிப்படிக்காரன்லா. நடுவுல உக்காந்துட்டான்னா மேப்படிக்காரன் கிட்டயே வர முடியாது. தொடச்ச தகட்ட வெறுங்கையால தொடாதீய, நக்கோ, வேண்டவே வேண்டாம்!"

நான் தொட்டேன். மூக்குக்கண்ணாடி நழுவியது, கையுறையைக் கழற்றி அதை ஏற்றிவிட்டு, அதே கையால் தகட்டைத் திருப்பி வைத்தேன். சோதனையில் ஒட்டு பாதி பாரத்திலேயே விட்டுவிட்டது. விசாரணையில் கையுறை போட்டிருந்ததாகச் சொன்னேன். வேலை நிரந்தரமாகாத காலம், பயம். விட்டுப்போன தகட்டைத் தேடினார்கள், காணோம். அக்காவும் சேர்ந்து தேடினார். கடைசியில் பசையைக் கலந்ததில்தான் கோளாறு என்று எழுதினார்கள். கலந்தது அக்கா. அந்த வருடம் அவருடைய பதவி உயர்வு நின்றுபோனது.

மறுநாளும் அலுவலகப் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இட்லி ஆறுது, தின்னுளா," என்றார். சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும் சொல்லவில்லை. இப்போது பாத்திரம் துலக்கும்போதுகூட என் கட்டைவிரல்தான் கண்ணில் படுகிறது. தூக்கம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் மகன் ஒரு பொட்டலம் தந்தான். "அம்மா பீரோல உங்க பேர் எழுதி இருந்துச்சு." பிரித்தேன். அன்று எல்லோரும் தேடிய தகடு. காய்ந்த பசையின் நடுவே, கட்டைவிரல் அளவுக்கு வெறும் உலோகம் பளபளத்தது.

அக்காவுடன் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்தப் பசையில் குறையில்லை. அவர் சரியாகத்தான் கலந்தார். தொட்டது நான்.

தகட்டை நான்தான் வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.