இறால் குளத்துக்கு அப்பச்சோடா

இறால் குளத்துத் தண்ணி சோதிக்கிற வேலையில இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்: இறால் வளர்ந்தால் முதலாளிட கைராசி, செத்தால் எங்கட மீற்றர் பிழை. நான் கிண்ணியாப் பக்கம் ஸ்கூட்டியில திரியிறனான். அங்க இறால் வளர்க்கிற ஒரு முஸ்லிம் நானா. போன மாரி மழைக்கு அவரிட குளத்து இறால் முழுக்கச் செத்துப் போச்சு. இந்த முறையும் போனால் திரும்பக் கட்டாருக்குப் போய் லொறி ஓட்டுறதுதான் வழி எண்டு புலம்பிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் போத்தல்

தண்ணிட அமிலம், காரம் அளக்கிற pH மீற்றர் சரியோ எண்டு பார்க்க ஒரு மஞ்சள் தாங்கற்கரைசல் கொண்டு திரிவம். அதில விட்டால் ஏழு காட்டவேணும். நானா குடிக்கிற தண்ணியில ஒரு சொட்டுத் தேசிக்காய் பிழிஞ்சார், எண் மடமடவெண்டு இறங்கிச்சு. நான் "ஐயோ நானா!" எண்டு கத்த முந்தி மஞ்சள் போத்தலிலயும் பிழிஞ்சார். எண் அசைஞ்ச மாதிரியே தெரியேல்லை. வாற அமிலத்தைப் பிடிச்சு வைக்கத்தான் அதில உப்புக் கலந்திருக்கு எண்டு தொண்டை வறள விளங்கப்படுத்தினன்.

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிஸ், உங்கட மெசினும் உங்கட போத்தலும் ஒரே கட்சி."

ரெண்டு மூட்டை

நானாட குளத்தில விடிய எண் குறையும், பின்னேரம் ஏறும். இப்பிடி ஆடினால் இறாலுக்குக் கோது கழட்ட ஏலாது. மழையும் விழுந்து எண் இன்னும் இறங்கினால் கதை முடிஞ்சுது. அப்பச்சோடா போடச் சொன்னன். அமிலம் வந்தால் அது வாங்கிக்கொள்ளும், காரம் ஏறினால் தன்னட்ட இருக்கிற அமிலத்தை விட்டுக்குடுக்கும். அளவு மிஞ்சினால்தான் கைவிடும்.

பாலையூற்றில ஒரு மொத்தக்கடையில ரெண்டு மூட்டை கேட்டன். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்லு. "எந்த ஊர்க் கலியாணம், பிள்ளை? அப்பம் மட்டுந்தானோ, கறியும் இருக்கோ?"

மழை

மூட்டை ரெண்டையும் குளத்தில கரைச்சு விட்டம். பிறகு கொட்டிச்சு பாருங்கோ ஒரு மழை! விடிஞ்சதும் ஓடினனான். பக்கத்துக் குளத்தில இறால் கரையில ஒதுங்கிச் செத்துக் கிடக்கு, அந்த மனுசன் தலையில கைவைச்சுக்கொண்டு இருக்கிறார். நானாட குளத்தில மீற்றரை விட்டன். முந்தநாள் எண்தான், துளி குறைவு. வலை வீசினால் இறால் துள்ளுது. சந்தோசத்தில எனக்கு அழுகையே வந்திட்டுது. நானா கட்டார்ப் பயணத்தில இருந்து தப்பிட்டார்!

நானா இறாலைப் பார்த்தார், வெறும் மூட்டைகளைப் பார்த்தார். "மிஸ், மழைக்கு ஒண்டுமே நடக்கேல்லையே. அப்ப அவ்வளவு சோடாவும் வீண்தானே?"

எங்கட வேலையைச் சரியாச் செய்தால் ஒண்டுமே நடக்காது, நடக்காத ஒண்டுக்கு ஆர்தான் நன்றி சொல்லுவினம், நீங்களே சொல்லுங்கோ!