பச்சைக்காலி இரண்டு

தேனியில் ஆண்டிபட்டி பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, மச்சான் தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "இனி இது ஒனக்குத்தான் மாப்ள. எனக்கு வெறும் பாரம்." 1976, ஐப்பசி இரண்டாம் ஞாயிறு. காலை ஏழு மணி தாண்டியிருந்தது.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். தேனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்தார். அந்தக் கோடையில்தான் மதுரையில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். இன்று புரை எடுத்தவர்கள் சில நாளில் பேப்பர் படிக்கிறார்கள். அன்று கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் வரவில்லை. சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற கண்ணாடிதான். அதைப் போட்டால் வாடிக்கையாளர் முகம் தெரிந்தது, ஆணியின் அளவு தெரிந்தது, பறவை தெரியவில்லை. பதினோரு வருடமாகப் பறவைகளை அவர் பார்த்துச் சொல்வார், நான் தேதி போட்டு எழுதுவேன். அன்றோடு அதை முடித்துக்கொள்வது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

வைகை, அணைத் தண்ணீரில் வந்து கலக்கும் இடத்துக்கு, கடல் இல்லாத ஊர்க்காரர்களான நாங்கள் கழிமுகம் என்று பேர் வைத்திருந்தோம். ஐப்பசியில் தண்ணீர் ஏற ஏற, மிச்சமிருக்கும் சேற்றுத் திட்டுகளில் உள்ளான் பறவைகள் நெருக்கிக்கொண்டு மேயும். அன்றும் மேய்ந்தன. மச்சான் கண்ணாடி மேலேயே பைனாகுலரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாவி ஓட்டைல எட்டிப் பாக்குற கணக்கா இருக்கு." ஆலாப் பறவை ஒன்று தலைக்கு மேல் போனது. அந்தத் தடிக் கண்ணாடியின் ஓரத்தில் அது காணாமல் போய், எதிர்பாராத இடத்தில் திரும்ப முளைத்ததாம். "நல்லா வித்தை காட்டுது" என்று சிரித்தார். அதன் பிறகு கருவேல நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பார்த்து, நானே சொல்லி, நானே எழுதினேன். பொரி உள்ளான் பதினான்கு. பச்சைக்காலி உள்ளான் ஒன்று. அப்படி எழுதுவதில் ஒரு ருசியும் இல்லை.

மதியம் புளிச்சோறு சாப்பிட்டு, முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கண்ணாடியக் கழட்ட விடாத, கழட்டுனாகன்னா எங்கனயாவது விழுந்து வைப்பாக" என்று அக்கா காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் திட்டிலிருந்து பச்சைக்காலி மூன்று தரம் கத்தியது. பழக்க தோஷம், ஈரக் கையோடு என் கழுத்தில் கிடந்த பைனாகுலர் பட்டையை இழுத்து, வெறும் கண்ணில் அதை வைத்தார். என் தலையும் கூடவே போனது. நடுவிலிருந்த ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். கிட்டத்துப் பொருளுக்குத்தான் நாம் அவ்வளவு திருப்புவோம். சக்கரம் அந்தக் கோடியில் போய் நின்றது. அவர் பைனாகுலரை இறக்கவில்லை.

"என்ன மச்சான்?"

"கால் பச்சையாத் தெரியுது" என்றார் மெதுவாக. பிறகு, "எத்தன எழுதிருக்க?"

"ஒண்ணு."

"ரெண்டுல்ல நிக்கிது. அங்கன, கல்லுக்குப் பின்னால ஒண்ணு தூங்குது. ரெண்டு கண்ணும் நல்லா இருந்து என்னத்தக் கிழிச்ச?"

கண்ணாடி செய்ய வேண்டியதை அந்தச் சக்கரமே செய்துவிட்டது. யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் கண்ணாடியோடு பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தோம். பொழுது சாயும்வரை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடக்கும்போது கண்ணாடி, நின்றால் என் சட்டைப் பையில். அப்படியே இன்னும் ஒன்பது மழைக்காலம் பார்த்தார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் பைனாகுலர் அவர் மடியில் இருந்தது. "எனக்குக் குடுத்தீகளே மச்சான்?" என்று கேட்டேன்.

"குடுத்தேனா? தூக்கிட்டு வரச் சொன்னேன்" என்று சொல்லி, பட்டையை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.