கூண்டம்மாவின் நாற்காலி

கூண்டம்மா என்று கேட்டால்தான் அந்த வட்டாரத்தில் வழி சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. விலங்குகளை ஒரு காட்சிசாலையிலிருந்து இன்னொரு காட்சிசாலைக்கு அனுப்புகிறார்களே, அதற்கான மரக்கூண்டுகளைச் செய்வது அவள் தொழில். பஸ் டெப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே போனால் மரத்தூள் மூக்கில் ஏறும். ஒரு பக்கம் ஒட்டகச்சிவிங்கிக்கு மேல்மூடி இல்லாத கூண்டு நிற்கும், அதன் காலடியில் ஆமைக்கு ஒரு பெட்டி கிடக்கும்.

முன்பு அவள் கட்டில் செய்யும் கடையில்தான் வேலை பார்த்தாள். ஒரு மானுக்குக் கூண்டு வேண்டும் என்று அந்தக் கடைக்கு ஆர்டர் வந்தது. கட்டில் செய்கிற கணக்கிலேயே முதலாளி செய்து அனுப்பினார். பலகை இடுக்கில் மாட்டிக் கொம்பு ஒடிந்துபோய் இறங்கியது மான். "அதோட தலையெழுத்து" என்றார் முதலாளி. "தலையெழுத்தில்ல, உங்க பலகை" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வெளியே வந்தவள் இவள். ஊரில் கோபித்துக்கொண்டு வேலையை விட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இவள் அந்தக் கோபத்தையே முதலாகப் போட்டுப் பட்டறை வைத்துவிட்டாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கூண்டு முதலில் விலங்கு இருக்கும் இடத்துக்குப் போகும். கதவு திறந்தபடியே இருக்கும். தீனியை உள்ளே வைப்பார்கள். விலங்கு தானாக உள்ளே போய், நிம்மதியாகத் தின்று, படுத்து எழுந்து பழகிய பிறகுதான் லாரி வரும். அதற்கு முன்னால் யார் தலைகீழாக நின்றாலும் வராது. "புடிச்சுத் தள்ளி ஏத்தணும்னா நான் எதுக்கு? நாலு தடியனுங்களக் கூப்பிட்டுக்கோங்க" என்று போனை வைத்துவிடுவாள். அதிகாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் கூண்டில் போன விலங்கு காயத்தோடு இறங்கியதில்லை என்பதால் வேறு வழியும் கிடையாது.

பட்டறையில் அவளுக்கு வலது கை மேஸ்திரி. வாயைத் திறந்தால் ஆணி விழுந்துவிடும் என்பதுபோல் பேசாமலே வேலை செய்கிற மனிதர். இடது கை மகள். கல்லூரியை முடித்துவிட்டு ஏதாவது ஆபீஸில் உட்காருவாள் என்று வீட்டில் நினைத்திருக்க, அவள் நேராக வந்து ரம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். லாரியும் அவள்தான் ஓட்டுவாள். பட்டறை ஒருநாள் மகளுக்குத்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. பல நாட்டுக் காட்சிசாலைகள் சேர்ந்து நடத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று. லாப நோக்கம் இல்லாதது, ஆனால் எந்த விலங்கு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை அதன் நிர்வாகக் குழுதான் முடிவு செய்யும். அந்தக் குழுவில் புதிதாக மூன்று பேரைச் சேர்க்கிறார்கள். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் பேராசிரியர், மூன்றாவது ஆள் கூண்டம்மா.

வீடு அமர்க்களப்பட்டது. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் இருமலுக்கு வந்தவர்களிடமெல்லாம் மருந்தோடு இந்தச் செய்தியையும் கொடுத்தார். "தங்கச்சி ஏதோ மர வேலை பண்றா" என்று இத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்த அக்கா, "எங்க தங்கச்சியா? இன்டர்நேஷனல் போர்டு மெம்பர்" என்று மாடிப்படியில் நின்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசினாள். கூண்டம்மாவும் ஒன்றும் அடக்கமாக இல்லை. தனக்கு இது தகும் என்று அவளுக்குத் தெரியும், அதை மறைக்கவும் இல்லை.

கூட்டத்துக்கு மகள்தான் லாரியில் கொண்டுவந்து விட்டாள். "நான் கீழயே இருக்கேம்மா, முடிச்சிட்டு வா" என்றாள்.

காட்சிசாலை அலுவலகத்தின் மாடியில் நீண்ட அறை. சுவரில் பெரிய திரை, அதில் வெளிநாட்டு உறுப்பினர்களின் முகங்கள் கட்டம் கட்டமாக. கூண்டம்மா உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் மேசையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். தேக்குபோல் மினுக்கிய மேசை அட்டைபோல் சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்த பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தேறுமா?" என்று கேட்டார். "நாய்க்குட்டிக்குக்கூடத் தாங்காது" என்றாள் இவள்.

வரவேற்பு முடிந்ததும் சங்கத்தின் செயலாளர் எழுந்து விதிகளைச் சொன்னார். வாயில் வெண்ணெய் வைத்ததுபோல் பேசுகிற மனிதர்.

"குழுவுல இருக்கிறவங்களோ, அவங்க குடும்பமோ சங்கத்துக்கு எதையும் விற்கிற தொழிலுக்குச் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. நம்ம உறுப்பினர் காட்சிசாலைகளுக்கு விற்கிறதுக்கும் இதே விதிதான்."

அறை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு எல்லோருடைய தலையும் கூண்டம்மா பக்கம் திரும்பியது. அவளுக்குக் காது சூடானது. கூண்டு நன்றாகச் செய்கிறாள் என்று கூப்பிட்டுவிட்டு, இனிமேல் கூண்டு செய்யாதே என்கிறார்கள். இது அவர்களுக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது என்பது செயலாளரின் முகத்திலேயே தெரிந்தது. பெயரைப் பரிந்துரைத்தவர்கள், வாக்களித்தவர்கள், பூங்கொத்து வாங்கியவர்கள் என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பட்டறைய வேற யார் பேர்லயாவது மாத்திட்டாப் போச்சு" என்றார் வங்கி அதிகாரி, பெரிய மனதோடு.

"பினாமியா?" என்றாள் கூண்டம்மா. வங்கி அதிகாரி தண்ணீர் குடித்தார்.

"விதிய ஏத்துக்கிறதா டீ முடிஞ்சு கையெழுத்து வாங்கலாம். அதுக்குள்ள யோசிங்க. எங்களுக்கு நீங்க வேணும்" என்றார் தலைவி. அவர் விலங்கு மருத்துவர், நேரான பேச்சுக்காரர்.

அதற்குள் அன்றைய முதல் விஷயம் மேசைக்கு வந்தது. கீழே இருக்கும் கிழட்டுப் பெண் கரடியை அடுத்த மாதம் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே கரடிகளுக்கான புதிய வளாகத்தின் திறப்பு விழா. கூண்டம்மாவின் கூண்டு கரடியிடம் போய்ப் பல வாரம் ஆகிறது. கரடி முன்னங்காலை மட்டும் உள்ளே வைத்துத் தேனை நக்கிவிட்டு, பின்னங்காலை வெளியிலேயே ஊன்றிக்கொண்டு நிற்கிறது. மயக்க ஊசி போட்டு ஏற்றிவிடலாம் என்பது யோசனை.

"நான் இன்னும் கையெழுத்துப் போடல. அதனால இப்ப கூண்டுக்காரியாத்தான் பேசுறேன், கேட்கிறீங்களா?" என்றாள்.

தலைவி தலையசைத்தார்.

"அந்த வயசுல ஊசி போட்டா எந்திரிக்குமா எந்திரிக்காதான்னு டாக்டருக்கே தெரியாது. கரடி வரமாட்டேன்னு சொல்லல. யோசிக்குது. திறப்பு விழாவத் தள்ளி வைங்க. ரிப்பன் கெட்டுப் போகாது."

தலைவிக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. முதலில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பழைய உறுப்பினர்கள் கை தூக்கினார்கள், திரையிலிருந்தவர்களும் தூக்கினார்கள். கரடி தானாகக் கூண்டுக்குள் போகும்வரை பயணம் இல்லை என்று முடிவானது. கூடவே, இனி எந்த விலங்கானாலும், யார் கூண்டு செய்தாலும் இதே விதி வைப்பது பற்றி டீக்குப் பிறகு பேசலாம் என்றும் சொன்னார்கள்.

கூண்டம்மா அசந்துபோனாள். இதற்காக எத்தனை வருஷம் எத்தனை அதிகாரிகளோடு போனில் தொண்டை கிழியக் கத்தியிருப்பாள்! இங்கே ஒரு பேச்சு, நாலு கை, வேலை முடிந்தது. தன் பட்டறைக்கு வராத விலங்குகளுக்கும் சேர்த்து. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அப்பட்டமாக, வெட்கமில்லாமல் வேண்டும் என்று இருந்தது.

டீயைத் தொடாமல் கீழே இறங்கிப் போனாள். மகள் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தாள். விதியைச் சொன்னதும் மகள் முகம் ஒரு கணம் செத்துப்போய், பிறகு சிரித்தது.

"எடுத்துக்கோம்மா. எனக்கென்ன, கட்டில் செஞ்சு பொழைச்சுக்கிறேன்."

"பொய் சொல்லாத."

"சரி, பொய்தான். ஆனா எனக்காகன்னு மட்டும் அதை விட்டுராத. அப்புறம் 'உன்னாலதான் விட்டேன், உன்னாலதான் விட்டேன்'னு ஆயுசு பூரா குத்திக் காட்டுவ. என்னால தாங்க முடியாது."

"விடப் போறதில்லடி" என்றாள் கூண்டம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அந்த எடம் வேணும். நாட்டுக்காக, கரடிக்காகன்னு பூசி மெழுகல. எனக்கே வேணும். பட்டறைய மேஸ்திரிக்குக் குடுத்துடப் போறேன். பேருக்கு இல்ல, நெசமாவே. காசு அவர் மெதுவாக் கட்டட்டும். குடுத்தா குடுத்ததுதான், திரும்ப வாங்க மாட்டேன். உன் பேர்லயும் வராது."

"அப்ப நான்?"

"நீ அங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கலாமான்னு எறங்கி வரும்போதே செயலாளரக் கேட்டேன். சொந்தமா இருந்தாத்தான் தப்பாம். ஆனா நான் மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சேர்த்துக்கிறதும் மாட்டேங்கிறதும் அவர் இஷ்டம்."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபம்தான். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா நீ?" என்றாள்.

"கேட்டா வேணாம்னு சொல்லிருவியோன்னு பயம். அதான் கேக்கல."

 பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்குகிறோம் என்று தெரிந்தேதான் கூண்டம்மா பிடுங்கினாள். மகளின் தலையில் கை வைக்கப் போனாள், மகள் தலையை நகர்த்திக்கொண்டாள். கூண்டம்மா மாடியேறினாள். முதலில் கையெழுத்து, பிறகு விதி பற்றிய பேச்சு. ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள்.  எல்லா விலங்குக்கும் அதே விதி என்பதற்கு முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

கூட்டம் முடிந்து இறங்கியபோது லாரி அதே இடத்தில் நின்றது. மகள் கண்ணைத் துடைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை.

"மேஸ்திரி, நான்தான். இல்ல, அம்மா உங்ககிட்டப் பேசுவாங்க, அது வேற. நான் எனக்காகக் கேக்குறேன். கூண்டு செய்யத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருக்கு. லாரியும் ஓட்டும். வேலைக்கு எடுத்துப்பீங்களா?"